சாட்சியும் சான்றும்: தோர்ணக்கல் அத்தியட்சர் அசரியாவின் வரலாறு

தலைநகராம் தில்லியிலிருந்து சென்னை நோக்கிச் செல்லும் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ், வாரங்கல்லைக் கடந்து கம்மத்தை அடையுமுன் தோர்ணக்கல் என்னும் நிலையத்தின் வழியே செல்கிறது. அது ஒரு சந்திப்பு நிலையம்; சிங்கரேணி நிலக்கரிச் சுரங்கப் பகுதிக்குக் கிளைப்பாதை பிரியும் இடம். விடுமுறைக்கு ஊர் திரும்பும் தமிழ்க் குடும்பங்களில் பலருக்கு அது பெயர்ப்பலகை அளவில் அறிமுகமான ஊர். இந்தத் தெலுங்கு மண்ணிற்குத் திருநெல்வேலிச் சீமையின் பனங்காட்டு ஊர் ஒன்றிலிருந்து தமிழர் ஒருவர் தம் முப்பத்தைந்தாம் வயதில் குடிபெயர்ந்து வந்தார் என்பதும், முப்பத்தைந்து ஆண்டுகள் இங்கேயே வாழ்ந்து இங்கேயே மண்ணானார் என்பதும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? வேலை தேடி வடக்கே வந்தவர்களின் வரலாறு நமக்கு ஓரளவு தெரியும். தாம் கண்டதாக நம்பிய ஒன்றைச் சொல்வதற்காக வந்தவரின் வரலாறு இது.

‘சாட்சி’ என்னும் சொல்லிலிருந்து தொடங்குவது பொருத்தமாக இருக்கும். நீதிமன்றத்தில் வழங்கும் சொல் அது. கண்டதைக் கண்டபடி, கேட்டதைக் கேட்டபடி உரைப்பவன் சாட்சி. அவன் வழக்கறிஞனல்லன், வாதாடும் பொறுப்பு அவனுக்கில்லை. தீர்ப்பளிக்கும் உரிமையும் அவனுக்கில்லை. தமிழ்க் கிறிஸ்தவ மக்கள் இச்சொல்லைத் தம் சமய வாழ்வில் எடுத்தாண்டு, ஒருவர் தம் வாழ்வில் இறைவன் செய்ததாக உணர்ந்ததைப் பிறர்முன் எடுத்துரைப்பதைச் ‘சாட்சி சொல்லுதல்’ என்று வழங்குகின்றனர். தென்பாண்டி ஊர்களில் மாலைக் கூட்டங்களில் எழுத்தறியாத மூதாட்டியும் எழுந்து நின்று சாட்சி சொல்வதுண்டு. நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவன். எனினும் மாதா கோயில் மணியோசை காதில் விழும் தெருவில் வளர்ந்தவனாதலின் அக்குரல்களை நன்கறிவேன். இலக்கணப் பிழையும் பேச்சுக் கொச்சையும் நிறைந்த அவ்வுரைகளைப் படித்த போதகரின் பிரசங்கத்தைவிட ஊரார் கூர்ந்து கேட்டதையும் அறிவேன்.

அலுவலகத்தில் கோப்புகளோடு வாழும் எம் போன்றோர்க்கு இதில் ஒரு வேடிக்கை புலப்படும். முன்னாளில் சான்றிதழின் நகலொன்று செல்லுபடியாக வேண்டுமாயின் கெஜட்டட் அதிகாரியின் கையொப்பமும் முத்திரையும் தேவை. குமாஸ்தாவுக்கு அந்தத் தகுதி கிடையாது. 2014ஆம் ஆண்டு முதல் பல பணிகளுக்கு விண்ணப்பதாரர் தாமே ஒப்பமிட்டால் போதும் என்று ஆயிற்று. சமய உலகில் இந்த மாற்றம் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நிகழ்ந்துவிட்டது! தமிழ்நாட்டில் அது கிறிஸ்தவத்தோடு வந்ததுமன்று. சமணத்தில் தருமசேனராக விளங்கிய மருள்நீக்கியார், சூலை நோயால் வருந்தித் தமக்கை திலகவதியாரிடம் வந்து, திருவதிகையில் நோய் நீங்கி நாவுக்கரசரானார் என்பது வரலாறு. தம் நோயையும் தம் பிழையையும் தாமே பாடியவர் அவர். நம் பக்தி இலக்கியத்தின் உயிர்நாடியே ‘நான்’ என்று தொடங்கும் இத்தகைய குரல்தான். ஆகவே ஐரோப்பியர் கொண்டுவந்த சமயம் தமிழ் மண்ணில் வேர்கொண்டபோது, ‘எனக்கு நேர்ந்தது இது’ என்னும் பேச்சு முறை புதிதாக ஒட்டவைக்கப்பட்ட கிளையாக இராமல் பழைய மரத்தின் துளிராகவே தழைத்ததில் வியப்பில்லை.

1706ஆம் ஆண்டில் சீகன்பால்கு தரங்கம்பாடியில் கரையிறங்கினார். அங்கு நிறுவப்பட்ட அச்சகத்தில் 1714ஆம் ஆண்டு சுவிசேஷங்களும், அடுத்த ஆண்டில் புதிய ஏற்பாடு முழுமையும் தமிழில் அச்சேறின. அந்த அச்சுப் புத்தகம் தஞ்சை மன்னரின் படையில் பணியாற்றிய இராசநாயக்கன் என்னும் வீரர் கையில் சேர்ந்தது. கத்தோலிக்கக் குடியிற் பிறந்த அவர், நூலைப் படித்து ஆராய்ந்து 1727ஆம் ஆண்டில் தரங்கம்பாடிச் சபையைச் சேர்ந்தார். பின்னர் உபதேசியாராகிப் பல ஆண்டுகள் பணியாற்றினார். ஐரோப்பியர் தஞ்சை நாட்டுக்குள் எளிதில் நுழைய இயலாதிருந்த காலத்தில் அவர் போன்றோரின் வாய்மொழியே அங்குச் சென்றது. அந்நூற்றாண்டின் இறுதியில் சாத்தான்குளத்தை அடுத்த காலன்குடியைச் சேர்ந்த டேவிட் சுந்தரானந்தம் என்னும் இளைஞர் தஞ்சைக்குச் சென்று கிறிஸ்தவராகி, தம் சொந்த ஊர்ப் பக்கம் திரும்பிவந்து சுற்றத்தாரிடம் அதனைச் சொன்னார். 1797ஆம் ஆண்டு அவருடைய உறவினர் சிலர் ஞானஸ்நானம் பெற்றனர். எதிர்ப்பும் வந்தது, ஊரில் இருக்க இயலாத நிலையில் 1799ஆம் ஆண்டில் நிலம் வாங்கித் தனியே ஒரு குடியிருப்பை அமைத்தனர். முதல் ஊர் ஆதலின் அதற்கு முதலூர் என்றே பெயர். திருநெல்வேலிச் சீமையின் கிறிஸ்தவ ஊர்கள் பலவற்றின் தொடக்கத்தைத் தேடிப் போனால், அயல்நாட்டார் ஒருவரின் சொற்பொழிவைவிட மாமன், மைத்துனன் என்னும் உறவு முறையோடு பேசிய ஒருவரின் சொல்லே முன்னிற்கக் காணலாம்.

இப்பேச்சு இலக்கியமானது எச். ஏ. கிருஷ்ணபிள்ளையிடம். 1827ஆம் ஆண்டு நெல்லையை அடுத்த கரையிருப்பில் வைணவ வேளாளர் குடியில் தோன்றிய அவர், கம்பனில் தோய்ந்தவர். 1853ஆம் ஆண்டில் சாயர்புரம் கல்விச்சாலையில் தமிழாசிரியரானபோது கிறிஸ்தவத்தை அவர் விரும்பியவரல்லர்; தமிழ் கற்பிக்கச் சென்றார், அவ்வளவே. இளவல் முத்தையா பிள்ளையும் நண்பர் தனக்கோடி ராஜுவும் தம்முன்னரே மனம் மாறியது அவரை அசைத்தது. 1858ஆம் ஆண்டு சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். தாம் கிறிஸ்தவரான வரலாற்றை உரைநடையில் தாமே எழுதியுமிருக்கிறார். ஆயினும் அவருடைய மெய்யான சாட்சி இரட்சணிய யாத்திரிகம் என்னும் காப்பியமே என்பேன். பெட்போர்டு சிறையில் வாடிய ஜான் பனியன் 1678ஆம் ஆண்டில் வெளியிட்ட மோட்சப் பயணக் கதையைத் தழுவியதெனினும், மூவாயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட செய்யுள்களில் அது கம்பன் நடையிலும் தேவாரப் பண்ணிலும் நிமிர்ந்து நிற்கிறது. இதழில் பகுதி பகுதியாக வெளிவந்து 1894ஆம் ஆண்டில் நூலுருப் பெற்றது. பனியன் உரிமமின்றிப் பிரசங்கம் செய்ததற்காகச் சிறைப்பட்ட பாத்திரம் பழுதுபார்க்கும் தொழிலாளி. அவர் கதையைத் தமிழாக்கியவர் மரபில் தேர்ந்த புலவர். இருவரையும் இணைத்தது ஒரே வகை அனுபவம். பழைய சமயத்தை விட்டவர் பழைய தமிழை விடவில்லை என்பதை ஈண்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். மதம் மாறுவோர் மொழியையும் மரபையும் துறப்பார் என்று அஞ்சுவோர்க்கு இக்காப்பியம் ஒரு விடை.

இனி அசரியாவின் கதைக்கு வருவோம்.

1874ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில் வேதநாயகம் சாமுவேல் அசரியா பிறந்தார். தந்தை தாமஸ் வேதநாயகம் அவ்வூர்ப் போதகர். நெடுங்காலம் ஆண் மகவுக்கு ஏங்கியிருந்த பெற்றோர், விவிலியத்து அன்னாள் வேண்டிப் பெற்ற மகனின் பெயரையே சூட்டினர். மெஞ்ஞானபுரத்திலும் திருநெல்வேலியிலும் கற்று, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்தார். நோயின் காரணமாக இறுதித் தேர்வு தவறிப் பட்டம் பெறாமலே வெளியேறினார். (பி.ஏ. பட்டத்தைச் சட்டமிட்டுச் சுவரில் தொங்கவிட்டிருக்கும் நம் போன்றோர் சற்றுக் கவனிக்க.) 1895 முதல் 1909 வரை இளைஞர் கிறிஸ்தவ சங்கமாகிய ஒய்.எம்.சி.ஏ.யின் செயலராகத் தென்னகமெங்கும் சுற்றினார். இத்தொண்டில் அவருக்கு உற்ற துணைவராக இருந்தவர் ஷெர்வுட் எடி என்னும் அமெரிக்கர். கல்லூரி நாளில் உடனிருந்தவர் பின்னாளில் புகழ்பெற்ற கே. டி. பால்.

1902ஆம் ஆண்டில் அவர் யாழ்ப்பாணம் சென்றது ஒரு திருப்பம். யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தம் சொந்தப் பொருளைக் கொண்டு கடல் கடந்து தமிழகத்தில் ஊழியம் நடத்துவதை அங்கே கண்டார். நூறாண்டுக்கு மேல் அயல்நாட்டாரின் பணத்தையும் உழைப்பையும் பெற்று வளர்ந்த திருநெல்வேலிச் சபையோ தன் எல்லைக்கு வெளியே எவரையும் அனுப்பியதில்லை. பெற்றுக்கொண்டே இருக்கும் சபை எதற்குச் சாட்சி? இவ்வினா அவரை உறுத்தியது. 1903ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. இந்தியர் பணம், இந்தியர் உழைப்பு, இந்தியர் நிர்வாகம் என்பதே கொள்கை. ஒவ்வொரு வேளைச் சோற்றுக்கும் அரிசி களையும்போது ஒரு பிடியை எடுத்துத் தனிப்பானையில் இடும் வழக்கம் நெல்லைப் பெண்களிடம் உண்டு. அந்தப் பிடி அரிசியும் ஏழைகளின் சில்லறைக் காசும் இத்தகைய பணிகளுக்கு முதலாயின. இரண்டாண்டுகளுக்குப் பின் 1905ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் திருநாளன்று வங்கத்துச் சீராம்பூரில், வில்லியம் கேரியின் பெயரோடு இணைந்த நூலகத்தில், தேசிய மிஷனெரி சங்கம் அனைத்திந்திய அளவில் தொடங்கப்பட்டபோதும் அசரியா முன்னின்றார். அந்த ஆண்டு வங்கப் பிரிவினையின் ஆண்டு. சுதேசியக் குரல் எழுந்த ஆண்டு. கோயிலுக்குள்ளும் அக்காற்று வீசியது என்று கொள்வதில் தவறில்லை.

திருநெல்வேலிச் சங்கம் தேர்ந்துகொண்ட களம் நிஜாம் சமஸ்தானத்தின் கிழக்குப் பகுதியிலிருந்த தோர்ணக்கல் வட்டாரம். செயலராக இருந்து பிறரை அனுப்பிக்கொண்டிருந்த அசரியாவின் உள்ளத்தில், ‘நான் ஏன் போகவில்லை?’ என்னும் வினா எழுந்தது. 1909ஆம் ஆண்டில் குருப்பட்டம் பெற்று, மனைவி அன்பு மரியம்மாளோடும் குழந்தைகளோடும் தோர்ணக்கல்லுக்கு வந்தார். ஒய்.எம்.சி.ஏ.யின் அகில உலகத் தலைவர்களோடு பழகியவர். 1907ஆம் ஆண்டு தோக்கியோ மாநாடு வரை சென்று வந்தவர். அப்படிப்பட்டவர் முப்பத்தைந்து வயதில் தெலுங்கு அரிச்சுவடியை எடுத்து ‘அ, ஆ’ என்று தொடங்கினார். சொந்த மொழியில் நாவன்மை படைத்தவன் அயல்மொழியில் குழந்தைபோல் திக்குவதன் வேதனையை, வெளி மாநிலத்தில் முதல் ஆண்டைக் கழித்த ஒவ்வொரு தமிழனும் அறிவான். சந்தைக்குப் போய்க் கத்தரிக்காய் கேட்கத் திணறுவதே பெரும்பாடு. மனத்தின் அடியாழத்தில் உள்ளதை அயல்மொழியில் சொல்வது எவ்வளவு அரிது! அசரியா அம்மொழியில் தேர்ந்து, பிற்காலத்தில் தெலுங்கிலேயே போதித்து, அம்மக்களின் பாடலையும் கூத்தையும் தம் பணிக்குத் துணையாக்கிக்கொண்டார்.

1910ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. ஆசியர் மிகச் சிலரே கலந்துகொண்ட அப்பேரவையில் அசரியா எழுந்து, ஐரோப்பிய ஊழியர்க்கும் இந்திய ஊழியர்க்கும் இடையே நிலவிய உறவைப் பற்றிப் பேசினார். தம் நாட்டில் வெள்ளையர் எவ்வளவோ தியாகம் செய்திருக்கின்றனர் என்பதை நன்றியோடு ஒப்புக்கொண்டார். பொருளும் உயிரும் தந்தவர்கள் சமமாக அமர்ந்து நட்புத் தரவில்லையே என்றார். அவை அதிர்ந்தது. சிலர்க்கு ஆத்திரம், சிலர்க்கு வெட்கம். ஆங்கில ஆட்சி உச்சத்திலிருந்த நாளில், அப்பேரவையின் மேடையிலேயே, அடிப்படைக் குறையை எடுத்துச் சொன்ன அவ்வுரையும் ஒரு சாட்சியே. சாட்சி என்பது எப்போதும் கேட்பவர்க்கு இனிப்பதன்று.

1912ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அசரியா அத்தியட்சராக அபிஷேகம் செய்யப்பட்டார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் இந்தியர் ஒருவர் அப்பதவி ஏற்றது அதுவே முதன்முறை. சென்னை அத்தியட்சர் ஹென்றி வைட்ஹெட் இதற்காக உறுதியாகப் பாடுபட்டார். இந்தியரின்கீழ் ஐரோப்பியர் பணியாற்றுவதா என்று முணுமுணுத்தவர் பலர். எதிர்ப்பு வெள்ளையரிடமிருந்து மட்டும் வந்ததென்று நாம் மார்தட்ட இடமில்லை. அவர் பிறந்த திருநெல்வேலியிலேயே, நாடார் குலத்தவர் ஒருவர் அப்பீடத்தில் அமர்வதைச் சாதி நோக்கில் வெறுத்த கிறிஸ்தவர்களும் இருந்தனர். ஞானஸ்நானத் தண்ணீர் சாதியைக் கழுவிவிடும் என்பது உண்மையானால் நம் நாட்டு வரலாறு வேறாக இருந்திருக்கும்.

முதலில் சிறியதாக இருந்த தோர்ணக்கல் மறைமாவட்டம், 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆந்திரக் கடற்கரை மாவட்டங்கள் வரை விரிவடைந்தது. அங்கே திரளாகக் கிறிஸ்தவத்தைத் தழுவியவர் மாலர், மாதிகர் என்னும் தீண்டப்படாதவராக ஒதுக்கப்பட்ட குலத்தார். நிலமற்ற கூலிகள், கடனில் பிறந்து கடனில் மடிந்தவர்கள். அவர்களுக்குச் சபைக்கூட்டம் பகலில் நடத்த இயலாது. வயலிலிருந்து திரும்பிக் கூழ் குடித்தபின் இரவில்தான் கூடுவர். எழுத்தறியாதவராதலின் வேதக்கதைகளைப் பாட்டாகவும், மன்றாட்டுகளை வாய்ப்பாடமாகவும் ஊர் ஆசிரியர் கற்பிப்பார். அழுக்கு, நோய், கடன், குடி என்னும் நான்கையும் நான்கு பேய்கள் என்று பெயரிட்டு, அவற்றை ஓட்டுவதும் சமயப் பணியே என்று அசரியா போதித்தார்.

அவர் கையாண்ட முறை ஒன்று வரலாற்றில் பெயர்பெற்றது. புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர் ஒவ்வொருவரும், தண்ணீர் உலர்வதற்குமுன் தம் கையைத் தம் தலைமீது வைத்து, தாம் ஞானஸ்நானம் பெற்றவர் என்றும், நற்செய்தியை அறிவியாமற்போவது தமக்குக் கேடு என்றும் தம் வாயாலேயே கூறவேண்டும். பின்பகுதி பவுல் அடிகளாரின் மொழி. நம் நாட்டில் தலையில் கைவைத்துச் சொல்வது சத்தியம் செய்வதாகும் என்பதை நினைவிற்கொண்டால் இச்செயலின் கூர்மை விளங்கும். போதகம் என்பது சம்பளம் பெறும் போதகரின் வேலை என்றிருந்த நிலையை அது மாற்றியது. ஆண்டுதோறும் ‘சாட்சி வாரம்’ ஒன்று நடத்தப்பெற்றது. அவ்வாரத்தில் ஊர்ச் சபையார், ஆண்களும் பெண்களும், கூட்டங்கூட்டமாக அண்டை ஊர்களுக்குச் சென்று பாடி, தமக்கு நேர்ந்ததைச் சொல்லித் திரும்புவர். ஒரு நாள் கூலியை இழந்தால் ஒரு நாள் பட்டினி என்னும் நிலையிலிருந்த மக்கள் அவர்கள் என்பதை மறந்துவிடலாகாது.

அவர்கள் என்ன சொல்லியிருப்பர்? தத்துவம் பேசியிருக்க வழியில்லை. முன்பு குடித்தேன், இப்போது குடிப்பதில்லை. முன்பு செத்த மாட்டின் இறைச்சி தின்றோம், இப்போது தின்பதில்லை. பேய்க்கு அஞ்சினோம், இப்போது அஞ்சுவதில்லை. இத்தகைய பேச்சே ஊர்களில் ஒலித்தது. கேட்டவரும் அவர்களை நன்கறிந்தவர். சொன்னது பொய்யாயின் மறுநாளே வயல் வரப்பில் அம்பலமாகிவிடும். நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணை அரை நாளில் முடிந்துவிடுகிறது. ஊருக்குள் சொன்ன சாட்சிக்குக் குறுக்கு விசாரணை வாழ்நாள் முழுதும் நடக்கும். 1920களிலும் 1930களிலும் ரெட்டி, கம்மவார் முதலிய நிலவுடைமைக் குலத்தாரிலும் பலர் இச்சபைகளை நாடி வந்தனர். தம் வயலில் வேலைசெய்த மக்களிடம் கண்ட மாற்றமே தம்மை ஈர்த்தது என்று அவர்கள் கூறியமை பதிவாகியுள்ளது. மேலிருந்து கீழே பாயும் என்று மிஷனெரிகள் எதிர்பார்த்த நீர், கீழிருந்து மேலே ஏறிற்று! 1941ஆம் ஆண்டளவில் அம்மறைமாவட்டத்தின் கிறிஸ்தவர் தொகை இரண்டு இலட்சத்தைக் கடந்திருந்தது.

இந்த வளர்ச்சிதான் காந்தியடிகளுக்குக் கவலை தந்தது. 1930களில் ‘ஹரிஜன்’ இதழிலும் உரையாடல்களிலும் அவர் தம் கருத்தைப் பலமுறை வெளியிட்டார். உரோசா மலர் தன் மணத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்வதில்லை, மணக்கிறது, அவ்வளவே, சமயமும் அவ்வாறே வாழ்ந்து காட்டப்பட வேண்டும் என்பது அவர் கொள்கை. பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றின் உதவியோடு சமயத்தைச் சேர்த்துக் கொடுப்பது ஏழைகளின் வறுமையைப் பயன்படுத்திக்கொள்வதாகும் என்றும், கல்வியற்ற ஹரிஜனங்கள் சமயக் கொள்கைகளை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்கும் நிலையில் இல்லை என்றும் அவர் எழுதினார்.

இவ்விரு பெரியார்களின் கருத்து வேறுபாட்டைத் தேசபக்தர் ஒருவர்க்கும் மதம் பரப்புவார் ஒருவர்க்கும் நிகழ்ந்த சண்டையாகச் சுருக்கிவிடுதல் பொருந்தாது. அசரியா கதர்ச் சட்டையை அணியாத தேசியவாதி எனலாம். 1932ஆம் ஆண்டின் வகுப்புத் தீர்ப்பில் இந்தியக் கிறிஸ்தவர்களுக்குத் தனித்தொகுதி வழங்கப்பட்டபோது, அதனை வெளிப்படையாக எதிர்த்தவர்களுள் அவர் முக்கியமானவர். தலையெண்ணிக்கை அரசியல் அதிகாரமாக மாறினால் சாட்சி கெட்டுப்போகும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். வாக்குக்காக ஆள் சேர்க்கிறார் என்னும் குற்றச்சாட்டு அவரிடம் நிற்காது.

உதவியும் போதனையும் கலப்பது பற்றிக் காந்தியடிகள் எழுப்பிய ஐயம் எனக்கு நியாயமாகவே படுகிறது. பசித்தவன் சோற்றுக்கு முன் சொல்லும் ‘ஆம்’ என்னும் சொல்லுக்கு என்ன மதிப்பு? அச்சபைகளில் சேர்ந்தவர் எல்லாரும் உள்ளத் தெளிவோடு சேர்ந்தனர் என்று எவரும் துணிந்து கூற முடியாது. நிலக்கிழாரின் கொடுமையிலிருந்து காப்பாரை நாடி வந்தவரும் இருந்தனர். ஆனால் மாலர், மாதிகரின் அறிவுத் திறம் பற்றிய கருத்தில் நான் அடிகளோடு உடன்பட இயலவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கோயில் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவனுக்கு, எந்த வாயில் திறந்திருக்கிறது என்று அறிய நூற்கல்வி தேவையில்லை. உரோசாவின் உவமையும் அழகியதே. எனினும் மலருக்கு வாய் இல்லை, மனிதனுக்கு உண்டு. நோய் தீர்ந்தவன் வைத்தியரின் பெயரைச் சொல்லாமல் இருக்கமாட்டான். சொல்லக்கூடாதென்று நாவுக்கரசரைத் தடுத்திருந்தால் நமக்குத் தேவாரத்தில் மூன்று திருமுறைகள் இல்லை. சொல்வதற்கும் வற்புறுத்துவதற்கும் இடையே உள்ள கோட்டை எங்கே இடுவது என்பதே வழக்கு. அக்கோட்டை அரசியல் சட்டம் 1950ஆம் ஆண்டில் 25ஆம் பிரிவின் வழியே இட முயன்றது. அதன்பின்னும் நீதிமன்றங்களில் அது மீண்டும் மீண்டும் அளக்கப்பட்டு வருகிறது.

தோர்ணக்கல் பேராலயத்தைப் பற்றி இரண்டொரு சொல். ஏறத்தாழக் கால் நூற்றாண்டு சிறுகச் சிறுகக் கட்டப்பெற்று, 1939ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் அது பிரதிஷ்டை செய்யப்பட்டது. ஆங்கில நாட்டுக் கூர்ங்கோபுரத்தைப் பெயர்த்து வைப்பதை அசரியா விரும்பவில்லை. தென்னாட்டுக் கோயில் மண்டபத்தை நினைவூட்டும் தூண்கள், நிஜாம் சீமையின் இஸ்லாமியக் கட்டடங்களை நினைவூட்டும் குவிமாடங்கள், தாமரை வடிவங்கள் ஆகியவற்றைக் கொண்டதாக அது எழுந்தது. கல்லும் தன் ஊர் மொழியில்தான் பேசவேண்டும் என்று கருதினார் போலும்.

அவரை இறுதிவரை வாட்டிய வினா ஒன்று உண்டு. ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, பிரஸ்பிட்டேரியன், லுத்தரன் எனப் பிரிந்து, ஒரே ஊரில் ஒரே கிறிஸ்துவின் பெயரால் தனித்தனிக் கோயில்கள் நின்றன. ஒரு வழக்கில் ஒரே தரப்புச் சாட்சிகள் ஒருவர்க்கொருவர் முரண்பட்டால் வழக்கு என்னாகும்? 1919ஆம் ஆண்டு மே மாதம், சீகன்பால்கு கரையிறங்கிய அதே தரங்கம்பாடியில் அசரியாவும் பிற சபைத் தலைவர்களும் கூடி, ஒன்றிணைய வேண்டுமென்று அறிக்கை வெளியிட்டனர். அக்கூட்டத்தில் இருந்தவர் பெரும்பாலும் இந்தியர். இந்தப் பிரிவினைகள் அயல்நாட்டுச் சண்டைகளின் எச்சம் என்பதே அவர்கள் வாதம். பேச்சுவார்த்தைகள் ஆண்டுக்கணக்கில் இழுத்தன. ஒவ்வொரு சபையும் தன் விதிநூலைப் பிடித்துக்கொண்டது. (கோப்பு நகரும் வேகத்தை அறிந்தவர்க்கு இது புதிதன்று.)

1935ஆம் ஆண்டு அக்டோபரில் டாக்டர் அம்பேத்கர் இயோலா மாநாட்டில், தாம் இந்துவாக இறக்கப் போவதில்லை என்று அறிவித்தார். அதன்பின் அவரை அசரியா சந்தித்தபோது, ‘எங்கள் மக்கள் இந்தியா முழுதும் ஒரே இனமாக இருக்கிறோம், கிறிஸ்தவரானால் உங்கள் எந்தச் சபையில் சேர்வது? ஒன்றாக இருக்கும் எங்களை நீங்கள் பலவாகப் பிரித்துவிடமாட்டீர்களா?’ என்னும் கருத்துப்பட அம்பேத்கர் வினவியதாகவும், மறுமொழி கூற வழியின்றித் தம் வாழ்நாளில் அன்றுபோல் என்றும் வெட்கியதில்லை என்று அசரியா சொன்னதாகவும் அவரோடு பழகியவர் வழியாகச் செய்தி கிடைக்கிறது. காந்தியடிகளுக்கு விடை கூற முடிந்தவருக்கு இவ்வினாவுக்கு விடை கூற முடியவில்லை. அம்பேத்கர் 1956ஆம் ஆண்டில் நாகபுரியில் பௌத்தத்தைத் தழுவினார்.

அசரியா 1945ஆம் ஆண்டு புத்தாண்டு நாளன்று தோர்ணக்கல்லில் காலமானார். பேராலயத்தின் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார். தென்னிந்தியத் திருச்சபை சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் உதயமானது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் அதில் ஒன்றாயினர். லுத்தரன் சபையாரும் பாப்திஸ்து சபையாரும் சேரவில்லை. தோர்ணக்கல் அப்புதிய திருச்சபையின் மறைமாவட்டங்களுள் ஒன்றாயிற்று. அங்கே இன்றும் ஆராதனை தெலுங்கில் நடைபெறுகிறது.